மூலையுள்ள புண்

ஆறாம் நாள் காலையில்தான் விடுதி விருந்தாளிகள் சுமியோவைத் தேடி வருவார்கள். அதுவரை மலை ஊற்றின் புளிப்பு வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்து கிடப்பதும், பொதுச் சமையலறையில் தாங்களே ஆக்கிய சோற்றைச் சாப்பிடுவதும், தூங்குவதும், மறுபடி இறங்குவதுமாகப் பொழுது போகும். ஆறாம் நாள் அக்குளும் தொடையிடுக்கும் சிவந்து காந்தத் தொடங்கும். வந்தவர் பயந்துபோய், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குளியல்கூடத்து வாசலில் நிற்பார்.

சுமியோ ஒரு பார்வை பார்ப்பாள்.

"வந்துடுச்சா? நல்லது. தண்ணி உன்னைப் பிடிச்சிருக்கு. உள்ள கிடக்கிற விஷத்தை இழுக்குது. பத்தாம் நாள் உரியும், பன்னெண்டாம் நாள் பச்சப்புள்ள தோலு. பயப்படாம இறங்கு."

அங்கே அதற்கு வெந்நீர்ப்புண் என்று பெயர். வாத நோய்க்காரர்களும் பழைய சுரங்கத் தொழிலாளிகளும் அதற்காகவே அரிசியும் மிசோ விழுதும் சுமந்துகொண்டு ஜப்பானின் அந்த அகிதா மலைக்கு ஏறி வந்தார்கள். புண் வராமல் திரும்புகிறவருக்குத்தான் மனக்குறை. முப்பத்தோரு வருடம் சுமியோ குளியல்கூடத்தைப் பார்த்துக்கொண்டாள். தொட்டியைத் தேய்ப்பது, சூடு பார்ப்பது, பெண்கள் நேரத்துக்குத் திரை கட்டுவது எல்லாம் அவள்தான். ஆனால் அவளுடைய உண்மையான வேலை ஆறாம் நாள் வார்த்தை. அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிய யாரும் பாதியில் ஊர் திரும்பியதில்லை என்று பெயர்.

அவள் கணவர் கன்ஜி விடுதித் தச்சர். அந்தத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். ஆணி ஒரு மாதம் தாங்காது. தொட்டியும் தரையும் மரமுளை அடித்தே இணைத்தவை. எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்பதைக் கையால் தடவியே சொல்லிவிடுவார். தண்ணீர் மரத்தை என்ன செய்யும் என்பது அவர் விஷயம். மனித உடம்பை என்ன செய்யும் என்பது சுமியோவின் விஷயம். அந்த எல்லையை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி, அவள் அவரை அப்பா என்றும் அவர் அவளை அம்மா என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சுமியோவுக்கு அறுபத்தேழு வயதான பிப்ரவரியில் இடது மார்பில் புற்றுக்கட்டி எடுத்தார்கள். ஏப்ரலில் கதிர் வைத்தார்கள். ஐந்து வாரம், இருபத்தைந்து தடவை. அடிவாரத்து நகரத்தில் மகள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். கதிர் எங்கே பாய வேண்டும் என்று மார்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்களாம். என் மேல மனை பிரிச்சிருக்கானுங்க என்று போனில் சொல்லிச் சிரித்தாள். ஜூனில் திரும்பி வந்தபோது மை அழிந்திருந்தது. தோல் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். மறுநாளே தேய்ப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.

செப்டம்பரில் அரிப்பு வந்தது. சோதனைக்குப் போன இடத்தில் சொன்னாள். கதிர் பட்ட தோல் வறளும், அரிக்கத்தான் செய்யும் என்று களிம்பு கொடுத்தார்கள். அடுத்த சோதனை டிசம்பரில். அவள் களிம்பை அலமாரியில் வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்குச் சொன்னதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஒரு வேளைக் குளியலை மூன்று வேளையாக்கினாள்.

அக்டோபர் நடுவில் முதல் கொப்புளம் எழுந்தது.

அன்று காலை அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கன்ஜி மறக்கவே இல்லை. "அப்பா, எனக்கும் வந்துடுச்சு" என்றாள், பரிசு விழுந்தவள் மாதிரி. ஆண்டுக்கணக்காகத் தண்ணீருக்குப் பழகிப்போன அவள் உடம்பில் வெந்நீர்ப்புண் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அறுவடை முடித்து வழக்கம்போல மூன்று வாரத்துக்கு வந்திருந்த கினுகோதான் அதைக் கொண்டாடியவள். அடிவாரத்தில் நெல் விவசாயம். வாய்க்கு வரப்பு கிடையாது. இருபத்தைந்து தடவை சுட்டானுங்களே, அத்தனை விஷமும் வாசலைத் தேடிக்கிட்டு இருந்திருக்கும், இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு என்று சமையலறையில் எல்லோருக்கும் விளக்கினாள். தன் புது அரிசியில் சிவப்புப் பயறு போட்டு மங்கலச் சோறு ஆக்கினாள். பிள்ளை பிறந்தால், பெண் சமைந்தால், வீடு கட்டினால் ஆக்குகிற சோறு அது. கன்ஜிக்கு ஒரு கிண்ணம் நிறைய வந்தது. அவர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார்.

"என்ன கன்ஜி, தொண்டைக்குள்ள இறங்கலையா?" என்றாள் கினுகோ. "பொண்டாட்டி பொழச்சதுக்கு ஆக்கின சோறு. முளைக்குச்சி மென்ன மாதிரி மெல்றீங்க."

சுமியோ சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்திருந்த விதம்தான் அவர் கண்ணில் பட்டது. இடது கையை உடம்பில் படாமல் விலக்கி வைத்திருந்தாள்.

கணக்குப்படி பத்தாம் நாள் உரிய வேண்டும். பத்தாம் நாள் பழையது உடைந்து, பக்கத்தில் நான்கு புதிதாக எழுந்தது. பன்னிரண்டாம் நாள் சுமியோ கணக்கை மாற்றினாள். இது வாத விஷம் இல்லை, கதிர் விஷம், ரெட்டிப்பு நாள் ஆகும் என்றாள். பதினைந்தாம் நாள் அவள் உள்சட்டைகளைத் தானே துவைத்து, கொதிகலன் அறைக்குள் ஒளித்துக் காயப்போட்டாள். விறகு எடுக்கப் போன கன்ஜி அவற்றைப் பார்த்தார். மஞ்சள் வட்டங்கள். தொட்டால் காகிதம்போல மொடமொடத்தன. ராத்திரி முழுக்க அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, சொறியாமல் இருப்பதற்காகக் கைகளைத் தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. கேட்டால் குளிர் என்றாள்.

அந்த வாரம் மாவட்டச் சாலை அலுவலகத்தின் அறிவிப்பு வந்தது. நவம்பர் ஐந்து, மாலை ஐந்து மணிக்கு மலைச்சாலை மூடப்படும். அதன்பின் ஏப்ரல்வரை வாரத்துக்கு ஒருமுறை சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று பனிமேல் ஏறி வரும். பனிப்புயல் என்றால் அதுவும் வராது. சுமியோவும் கன்ஜியும் குளிர்காலம் முழுக்க மேலேயே இருந்து விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர்கள். எத்தனையோ நவம்பர் அப்படி வந்து போயிருக்கிறது. இந்தத் தடவை அந்தக் காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஐந்தாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கன்ஜி விரல்விட்டு எண்ணினார்.

மூன்றாம் தேதி மதியம், தொட்டியைக் காலி செய்து தேய்க்கிற நேரம். உடைமாற்றும் அறையிலிருந்து குரல் கேட்டது. "அப்பா, ஒரு செம்பு பச்சத்தண்ணி கொண்டாங்க. சட்டை ஒட்டிக்கிச்சு."

அவள் சன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். துணி ஊறி, நூல் நூலாகப் பிரிந்து வந்தது. அவள் பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. சட்டை விலகியதும் பகல் வெளிச்சத்தில், முதல்முறையாக, அவர் அதை முழுசாகப் பார்த்தார்.

திராட்சை திராட்சையாகக் கொப்புளங்கள். வெந்நீர்ப்புண் அப்படி இருக்காது. அது வெறும் சிவப்பு, ஈரக்கசிவு. இவையோ தெளிந்த நீர் தளும்ப, பறைத்தோல்போல விறைத்து நின்றன. வெந்நீர்ப்புண் அக்குளிலும் இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் வரும். இது மார்பின் நடுவில். அதையெல்லாம் அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கண் நின்ற இடம் வேறு. சிவப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தார். நடுநெஞ்செலும்பை ஒட்டி அது நேராகக் கீழே இறங்கியது. மார்புக்கு அடியில் வந்ததும் சட்டென்று திரும்பி, பக்கவாட்டில் நேராகப் போனது. பலகையின் விளிம்பைத் தொடர்கிற மாதிரி அவர் விரல் தானாகக் காற்றில் அந்த வழியே போயிற்று.

"இதுல மூலை இருக்கு" என்றார்.

"எதுல?"

"இந்தப் புண்ணுல. மூலைமட்டம் வச்ச மாதிரி இருக்கு. தண்ணிக்கு மூலை தெரியாதும்மா. இது தண்ணி செஞ்ச வேலையில்ல. கோடு போட்டவன் செஞ்சது."

சுமியோ நிதானமாகச் சொன்னாள்: கதிர் போன இடத்தில்தான் விஷம் இருக்கும், விஷம் இருக்கிற இடத்தில்தான் வெளியே வரும், இதில் என்ன அதிசயம்.

அவர் கோபத்தோடு அவளுடைய வலது சட்டைக் கையை மேலே தள்ளினார். முன்னங்கையில் மூன்று. முழங்கைக்கு மேலே இரண்டு.

"அப்ப இங்க? இங்கயும் கதிர் வச்சாங்களா?"

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீங்க பலகையப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

நான்காம் தேதி அவள் மூன்று முறை தண்ணீரில் இறங்கினாள். மூன்றாம் முறை வாயில் துண்டைக் கவ்விக்கொண்டு இறங்கினாள் என்று கினுகோ பிறகு சொன்னாள். அன்று கன்ஜி குட்டி லாரியின் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டினார். மண்வெட்டியை ஏற்றினார். கம்பளியை எடுத்து இருக்கையில் விரித்தார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி விடிந்ததிலிருந்தே பனி. கீழே ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று காலையில் கேட்டார், பார்க்கலாம் என்றாள். ஒரு மணிக்குக் கேட்டார். ஒரு விருந்தாளிக்கு இன்று ஆறாம் நாள், அவளை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அவள் நெற்றி கொதித்தது. கீழே போக நாற்பது நிமிடம், பனியில் ஒரு மணி நேரம். மூன்றரைக்கு அவர் வண்டியைக் கிளப்பி, ஓடவிட்டுவிட்டு உள்ளே வந்தார். பெண்கள் நேரம். குளியல்கூடத்தில் திரை தொங்கியது. உள்ளே பேச்சும் தண்ணீர்ச் சத்தமும். அந்தத் திரைக்கு அருகில் ஒரு ஆண் நின்றான் என்பதே அந்த விடுதியில் கேள்விப்படாத விஷயம்.

"சுமியோ" என்றார்.

உள்ளே பேச்சு நின்றது. மகள் பிறந்து முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

"அட, பேர் சொல்லிக் கூப்பிடுறாரே" என்றாள் கினுகோ. "மறு கல்யாணமா?" யாரும் சிரிக்கவில்லை.

"சுமியோ, வெளிய வா. வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

"வரலேன்னா?"

"நான் உள்ள வருவேன்."

அவர் விளையாடுகிறவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கை திரையைப் பிடித்தது அவர்களுக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கும். அந்த இடைவெளியில் கினுகோ சுமியோவின் பக்கம் திரும்பியிருக்கிறாள். ஆவிக்குள் மங்கலாகவே பார்த்திருந்த முதுகை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்; அங்கேயும் கொப்புளங்கள். அவள் குரல் மாறிவிட்டது.

"போ அக்கா. தண்ணி எங்கயும் ஓடிடாது. நான் பாத்துக்கறேன். போ."

மூன்றாவது வளைவில் வண்டி சறுக்கி ஓரத்துப் பனிக்குள் புதைந்தது. கன்ஜி இறங்கி வெட்டினார். வெட்ட வெட்ட மேலிருந்து சரிந்தது. கால் மணி நேரம் அப்படியே போயிற்று. திரும்பி ஏறியபோது சுமியோ கம்பளிக்குள் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் துடைப்பான் முன்னும் பின்னும் போவதைப் பார்த்தபடி, கேட்காமலே பேசத் தொடங்கினாள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு டீச்சர் வந்திருந்தாள், மெலிந்தவள், கழுத்தில் கதிர் வைத்துக்கொண்டவள். அவளுக்கும் நீர்க்கொப்புளம் வந்தது. ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டாள்.

"நான்தான் இறங்குன்னேன்" என்றாள் சுமியோ. "இன்னும் நாலு நாள் இறங்குன்னு. இங்க வந்துட்டுப் போறவங்க எல்லாரும் புத்தாண்டு அட்டை அனுப்புவாங்க, அவகிட்டேர்ந்து மட்டும் வரவே இல்ல. இது தண்ணிப் புண் இல்லேன்னா, அப்பா, அதுவும் இல்லதானே?"

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். அந்த டீச்சருக்கு என்ன ஆயிற்று என்பது கடைசிவரை தெரியவில்லை.

சாலைத் தடுப்புக்கு வந்தபோது ஐந்து தாண்டி ஆறு நிமிடம். குறுக்குக் கம்பம் இறங்கி, பூட்டுத் தொங்கியது. காவலர் தன் வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, ஐந்து என்றால் ஐந்துதான், மேலேயே இருந்திருக்கலாமே என்று தொடங்கினார். பேசியபடியே கைவிளக்கை வண்டிக்குள் அடித்தார். கம்பளி நழுவியிருந்தது. காவலர் சாவியைத் தேடினார். விறைத்த விரலில் சாவி இரண்டு முறை பனிக்குள் விழுந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியின் தோல் வைத்தியர் நாற்பது வயதுப் பெண். கொப்புளத்தின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். இரண்டு சிறு துண்டுத் தோல் எடுத்தார், ரத்தம் எடுத்தார். நான்கு நாள் கழித்துக் கன்ஜியை உட்காரவைத்து, நோயின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஏழு சித்திர எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். அதில் தண்ணீர், வானம் இரண்டும்தான் அவருக்குப் படிக்கத் தெரிந்தது. தோலுக்கு மேல்தளம் ஒன்று, அடித்தளம் ஒன்று, நடுவில் ஒட்டுகிற பசை இருக்கிறது என்றார் வைத்தியர். கதிர் பட்டு அந்தப் பசை சிதைந்திருக்கலாம். சிதைந்ததை உடம்பு தன்னுடையது என்று அடையாளம் தெரியாமல், எதிரி என்று தாக்கத் தொடங்கியிருக்கலாம். முதலில் கதிர் பட்ட இடத்தில். பிறகு, பழகிப்போய், மற்ற இடத்திலும். அபூர்வம்தான், ஆனால் உண்டு. பசை விட்ட பலகைகளுக்கு நடுவில் தண்ணீர் கோத்துக்கொள்வது கன்ஜிக்கு உடனே புரிந்தது.

"இந்தப் புண்ணோட ஊற்றுத் தண்ணியில குளிச்சாங்களா?" என்று கேட்டார் வைத்தியர்.

"தினம் மூணு தடவை."

வைத்தியர் பேனாவை மூடித் திறந்து மூடினார். கிருமி உள்ளே போயிருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உடம்பின் கோபத்தைத் தணிக்கிற மருந்து கிருமியை எதிர்க்கிற பலத்தையும் தணிக்கும். கயிற்றின்மேல் நடக்கிற மாதிரி என்றார். இன்னும் ஒரு வாரம் மேலே இருந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார்.

ஒவ்வொரு காலையும் செவிலி புதுக் கொப்புளங்களை எண்ணி எழுதினாள். பதினேழு. பதினொன்று. பதினான்கு. ஒன்பது. கன்ஜி அந்த எண்ணுக்காகத் தாழ்வாரத்தில் காத்திருப்பார். அந்த எண்ணைக் கேட்காமல் அவருக்குத் தேநீர் இறங்காது. மூன்றாம் வாரம் ஒரு நாள் செவிலி வெளியே வந்து, இன்றைக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றாள். அவர் குனிந்து வணங்கிவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று பிற்பகல் சுமியோ விடுதிக்குப் போன் போடச் சொன்னாள். மேலே பனி மூடி, பதினோரு பேர் இருந்தார்கள். கினுகோவும் இறங்காமல் இருந்துவிட்டாள். எல்லோரையும் போன் பக்கத்தில் கூப்பிடு என்றாள் சுமியோ. குரல் கம்மியிருந்தது. ஆனால் ஆறாம் நாள் வாசலில் நின்று பேசுகிற அதே தோரணை.

"நான் சொன்னது தப்பு" என்றாள். "கேட்டுக்கங்க. நீர் கோத்து விறைச்சு நிக்கிற கொப்புளம் தண்ணிப் புண் இல்ல. மடிப்பு இல்லாத எடத்துல வந்தாலும் இல்ல. கதிர் வச்சுக்கிட்டவங்க டாக்டரைக் கேக்காம இறங்கக் கூடாது. இதுவரைக்கும் நான் சொன்னேன்னு யாராவது சொன்னா, நானே இல்லேன்னுட்டேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து கினுகோ தாழ்ந்த குரலில், தனக்கு முந்தாநாள் அக்குளில் சிவந்திருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள்.

"நீர் கோத்திருக்கா?"

"இல்ல. காந்துது, அவ்வளவுதான்."

"அது நிசப் புண்ணுடி. வாய மூடிக்கிட்டு இறங்கு."

கன்ஜி சிரித்தார். சுமியோவும் சிரித்து, விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் ஐம்பது நாள் இருந்தாள். தோல் ஆறியது, மார்பில் இளஞ்சிவப்பாக, முகம் தெரியாத குழந்தைக்குச் சொந்தமானது போல மூடியது. புத்தாண்டுக்கு இரண்டு அரிசிக் கொழுக்கட்டை சாப்பிட்டாள். மருந்து தணித்த உடம்புக்குள் ஜனவரியில் சளி இறங்கி, நுரையீரலைப் பிடித்தது. வைத்தியர் எதையும் மறைக்கவில்லை. ஒன்பது நாளில் முடிந்துவிட்டது, விடிந்து வெகுநேரம் கழித்து, சன்னலுக்கு வெளியே ஆட்கள் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது.

குளிப்பாட்டுவதைத் தானே செய்கிறேன் என்று கன்ஜி கேட்டுக்கொண்டார். செவிலி இரண்டு வாளியும் ஒரு பேசினும் கொண்டுவந்து வைத்தாள். தோல் இன்னும் மெலிசு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள் என்றாள். மகள் அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

உயிரோடு இருப்பவருக்கு வெந்நீரில் பச்சைத்தண்ணீரை விளாவ வேண்டும். போனவருக்கு அது தலைகீழ். பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் வெந்நீரை விளாவ வேண்டும். அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இருப்பவருக்கு அப்படி விளாவினால் கையில் அடிப்பார்கள்.

கன்ஜி பேசினில் வெந்நீரை ஊற்றினார். பச்சைத்தண்ணீர் வாளியைச் சாய்த்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மகள் மூச்சை இழுப்பது கேட்டது. அப்போதுதான் தன் கை எந்த வரிசையில் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்பா" என்றாள் மகள். "கொட்டிட்டு வேற எடுக்கவா?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். சூடு சரியாக இருந்தது.

"வேண்டாம்" என்றார். துணியை நனைத்துப் பிழிந்து, இடது தோளிலிருந்து தொடங்கினார்.